பத்துப் பல் கிளட்ச் பிளேட்

ஜூன் 24

காலை சர்க்கரை 142.

தினமும் வெறும் வயிற்றில் அளவு பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி, மருந்து கம்பெனி கொடுத்த டைரி ஒன்றை டாக்டர் என் தலையில் கட்டிவிட்டார். பக்கத்துக்கு மூன்று இலக்கம்தான். மீதி இடமெல்லாம் சும்மா கிடக்கிறது. பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற எனக்கு எதுவும் சும்மா கிடந்தால் பொறுக்காது. ஆகவே எழுதுகிறேன்.

இன்றைய விசேஷம்: பட்டாளத்து வண்டி நின்றுபோனது. மலையடிவாரத்து மேட்டில், தானாக, எந்தக் காரணமும் இல்லாமல்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. அவர்களுடைய முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஏலத்தில் எடுத்த பழைய டீசல் லாரி அது. இன்னும் அதே பச்சை நிறம். ஊரிலேயே உயரமான கொட்டகை என்னுடையது என்பதால் அங்கே நிற்கிறது. சங்கத்து விதி கண்டிப்பானது. சுதந்திர தினம், குடியரசு தினம் என்று கொடியேற்றும் இரண்டு நாளும் எடுக்கலாம். மற்றபடி, பட்டாளத்தில் இருந்தவர் யாராவது இறந்தால் கடைசிப் பயணம் அதில்தான். வீட்டு வாசலில் மூன்று ஹார்ன், பிறகு புறப்பாடு. ஓட்டுகிறவரும் பட்டாளத்தில் இருந்தவராக இருக்க வேண்டும். இதுவரை பதினோரு பேர் போயிருக்கிறார்கள். வேறு எந்த வேலைக்கும் வண்டியைத் தொடக் கூடாது.

விதியை எழுதியவர் சங்கத் தலைவர் சுபேதார் கன்னியப்பன். வயது தொண்ணூற்றொன்று. என் மாமனார். ஆள் எடுப்பில் தட்டைப் பாதம் என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பி முப்பத்துமூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவர் என்னைக் கூப்பிடுகிற பெயர் ‘சிவிலியன்’.

ஜூன் 25

151.

நேற்று ஒன்றை எழுத விட்டுப்போனது. வண்டி மேட்டில் நின்றபோது பின்னால் நூற்றைம்பது நாற்காலியும் ஆறு அண்டாவும் இருந்தன. என் மினி லாரி பஞ்சர். மலைமேல் கிராமத்தில் கல்யாணம். எஞ்சினை அவ்வப்போது ஓட்டிப் பார்க்காவிட்டால் துரு பிடிக்கும் என்பதற்காகத்தான் எடுத்தேன். அண்டாக்கள் தற்செயலாக ஏறிக்கொண்டன.

வண்டியை டிராக்டரில் கட்டிக் கொட்டகைக்கு இழுத்து வந்தோம். மெக்கானிக் எட்டியப்பன் அடியில் படுத்து, கியர் பெட்டியை இறக்கி, தட்டு போன்ற ஒன்றை வெளியே எடுத்தான். கருகிய அப்பளம் மாதிரி இருந்தது.

“இன்னா அண்ணே, கிளட்ச் மேலயே குடித்தனம் பண்ணிட்டீங்களா?”

“நான் மிதிக்கவே இல்லப்பா.”

“மிதிக்கல. காலை எடுக்கல. மினி லாரில காலை அதும்மேல வெச்சினே ஓட்டி ஓட்டிப் பழக்கம் உங்களுக்கு. இவ்ளோ பெரிய வண்டி, மேடு, அரைக் கிளட்ச். எரியாம இன்னா பண்ணும்?”

மேலே ஒட்டியிருக்கிற லைனிங்கை மட்டும் புதிதாக ஒட்டிவிடலாமா என்றேன். நடுவில் இருந்த ஸ்பிரிங்குகள் கொட்டிவிட்டன, தண்டு நுழைகிற குடமும் விரிசல். வேறு கிளட்ச் பிளேட்தான் வேண்டுமாம்.

“எங்க கிடைக்கும்?”

“மியூசியத்துல கேட்டுப் பாருங்க.”

மாமாவிடம் வண்டி தானாக நின்றது என்று சொல்லியாயிற்று. கோமளாவிடமும் அதையேதான். கோமளா என் மனைவி, அவர் மகள், இரண்டு பதவியிலும் என்னை நம்பாதவள்.

ஜூன் 28

169.

மாமா குளியலறையில் விழுந்துவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். இருதயம் களைத்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைக் கொடுங்கள், சில வாரங்கள், அதிகம் போனால் ஒன்றிரண்டு மாதம் என்றார் டாக்டர். வெளியே வராந்தாவில், காதோடு காதாகத்தான் சொன்னார். எப்படித்தான் கேட்டதோ, கட்டிலில் இருந்து குரல் வந்தது.

“சிவிலியன், வண்டி ரெடியா?”

“ஒரு சாமான் வரணும் மாமா.”

“வரட்டும். என்னை டிராக்டர்ல ஏத்தினீங்கன்னா எழுந்து இறங்கிடுவேன். நான் எரு மூட்டை இல்ல. வண்டி ரெடியாவறவரிக்கும் நான் எங்கயும் போறதா இல்ல. டீக் ஹை?”

“டீக் ஹை மாமா.” பட்டாளத்து இந்தியில் ‘சரி’ என்று அர்த்தம்.

ஆக, எமன் வந்தாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். நாற்காலி என் கடையில் இருந்துதான் போகும்.

ஜூலை 1

வேலூரில் பிளேட் தேடி ஏழு கடை. எட்டாவது கடையில் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஜூலை 3

163.

சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கிற அன்வர்தீன் என்பவரின் நம்பரை எட்டியப்பன் கொடுத்தான். போன் போட்டேன்.

“சைஸ் சொல்லு சார்.”

என்னிடம் டேப் இல்லை. எங்கள் தொழிலில் உலகத்தையே பாத்திரத்தால்தான் அளக்கிறோம். பதினைந்து பேருக்குச் சாம்பார் வைக்கிற குண்டானின் மூடியை பிளேட்டின் மேல் வைத்தேன். மயிரிழை வித்தியாசமில்லை.

“பதினஞ்சு பேர் குண்டான் மூடி சைஸ், பாய்.”

“சார், நான் சமையல்காரன் இல்ல.”

மூடியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய், துணிக்கடையில் அளந்து இஞ்சுக் கணக்கில் சொன்னேன். பார்சலில் அனுப்புகிறேன் என்றார். இவ்வளவு சுலபமான வேலைக்கு எட்டியப்பன் எதற்கு மியூசியம் என்று பயமுறுத்தினானோ தெரியவில்லை.

ஜூலை 7

பார்சல் வந்தது. வெளி விட்டம் அச்சு அசல். நடுவில் இருக்கிற ஓட்டையின் உட்புறம் பல் பல்லாக இருக்கும், கியர் பெட்டியில் இருந்து வருகிற தண்டு அந்தப் பற்களில் போய் உட்கார வேண்டும். எட்டியப்பன் விரல் விட்டு எண்ணினான். பழையதில் பத்து. இதில் பதினாலு.

“பல்லை எண்ணலயா அண்ணே?”

“யாரும் சொல்லலியே.”

“மாடு வாங்கப் போனாக்கூட பல்லைப் பாப்பாங்க.”

மாமாவுக்கு இன்று இரண்டு இட்லி இறங்கியது. வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். தப்பான சாமான் வந்துவிட்டது என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மூன்றாவது இட்லி கேட்டார்.

ஜூலை 9

171.

கருகிய பிளேட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனேன். பேருந்தில் மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையை எட்டிப் பார்த்து, “கோயிலுக்குக் கொடுக்கறீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரலெல்லாம் கரி.

அன்வர்தீன் என்னைவிடச் சின்னவர், ஆனால் பார்வை நூறு வயதுக்காரருடையது. பிளேட்டைக் கையில் வாங்கி, முகர்ந்து, திருப்பி வைத்தார்.

“காலை கிளட்ச் மேலயே வெச்சிருந்தியா சார்?”

ஊருக்கு ஊர் இதே கேள்வி.

“இது மில்ட்ரி சாமான். நம்மகிட்ட கிடையாது. லாரிக்காரன் எவனும் இதை மாட்ட மாட்டான். சங்ககிரி பக்கம் ஒருத்தர் பழைய மில்ட்ரி லாட் ஏலத்துல எடுத்து குடோன்ல போட்டு வெச்சிகிறார். பெட்டி கூட பிரிக்கல. போய்ப் பாரு. ஆனா பல்லை எண்ணிக்க.”

ஜூலை 11

சங்ககிரிக்காரர் போனை எடுக்கவில்லை. நாலு தரம் கடையைத் திறந்து மூடினேன். கோமளா, “உக்காருங்களேன் ஒரு எடத்துல” என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

மாமா இன்று சரியாகச் சாப்பிடவில்லை. முதுகைத் தாங்கி உட்கார வைத்தபோது எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது. இந்த ஆளா பட்டாளத்தில் மலை ரோட்டில் பனியில் லாரி ஓட்டியவர் என்று நினைத்தேன். “என்ன பாக்கறே? நட்டு போல்ட்டு எண்ணறியா?” என்றார்.

ஜூலை 14

கிடைத்துவிட்டது.

சங்ககிரியில் தகரக் குடோன். உள்ளே ஆளுயரத்துக்கு மரப்பெட்டிகள். உரிமையாளர் தறிக்காரர், லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுகூட அவருக்குத் தெரியாது. அதுவே மனசுக்கு ஒரு தெம்பாக இருந்தது. பதினேழு பெட்டி பிரித்தோம். பதினெட்டாவதில் மெழுகுத் தாள் சுற்றி, அதன்மேல் பழுப்பு நிறக் கிரீஸ் அப்பி, நேற்று செய்தது போல ஒரு பிளேட். தாளைக் கொஞ்சம் கிழித்து விரல் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. மறுபடி எண்ணினேன். பத்து. தறிக்காரரையும் எண்ணச் சொன்னேன். அவருக்கும் பத்து.

கத்த வேண்டும் போலிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது ஆம்பூர் தாண்டியதும் ஒரு யோசனை வந்தது. என்ன யோசனை என்று இங்கே எழுத அவசியமில்லை.

ஜூலை 15

188.

பிளேட்டைக் கடையில் வைத்திருக்கிறேன். இருப்பதிலேயே பெரிய அண்டா, அதற்குள் அடுத்த அண்டா, அதற்குள் பிளேட். எட்டியப்பனிடம் சொல்லவில்லை. அவசரப்பட்டு மாட்டிவிடுவான். பல் சரி, ஆனால் கனம்? விட்டம்? எல்லாவற்றையும் நிதானமாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு தடவை சூடு பட்டவன் நான்.

“கிடைச்சுதா?” என்றார் மாமா.

“பதினேழு பெட்டி பிரிச்சோம் மாமா, எதுலயும் இல்ல.”

அது பொய்யில்லை. பதினேழில் இல்லைதான்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுச் சாமான் எதையும் மாட்டக் கூடாது. இதை யாரும் சொல்லவில்லை, ஆனால் கல்யாணமே பண்ணக் கூடாத மாதத்தில் கிளட்ச் மட்டும் மாட்டலாமா? அண்டாவும் கல்யாணமில்லாத மாதத்தில் வெளியே போகாது. பத்திரம்.

ஜூலை 19

மாமாவுக்கு மாத்திரை கொடுத்தேன். மாத்திரையை வாங்காமல் என் கையைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“கை கழுவலயா?”

“கடையில வேலை மாமா.”

“ம்.”

மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். காலையில் அண்டாவைத் திறந்து பிளேட் இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிருப்பேன், ஒரு விரல்.

ஜூலை 24

மாமா பாதி ஆம்லெட் சாப்பிட்டார். சங்கத்துக் கணபதி ஹோமத்தில் நடந்த சண்டையைச் சொன்னேன், யார் வேட்டியை யார் உருவினார் என்பது வரை. சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். கோமளா என்னை முறைத்தாள், ஆனால் அறையை விட்டுப் போகவில்லை.

இன்று வண்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போயிற்று.

ஜூலை 28

அண்டாவுக்குள் இருக்கிறது.

ஆகஸ்ட் 2

194.

சங்கச் செயலாளர் ஹவில்தார் தேவசகாயம் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பட்டாளத்து ஆள் நின்றுகொண்டு பேசினால் நமக்கும் முதுகு தானாக நிமிர்கிறது.

“ஏகாம்பரம், பதினஞ்சாந்தேதி கொடியேத்தத்துக்கே வண்டி இல்லாம போவும்போல கீதே. சுபேதார் சார் இருக்கற நெலமைக்கு எந்த நிமிஷம்னு சொல்ல முடியாது. நானே போய்த் தேடறேன். சங்ககிரியில ஒருத்தர்கிட்ட இருக்குன்னு கேள்வி.”

அண்டா எங்களிருவருக்கும் நடுவில் இருந்தது. அதன்மேல் கை ஊன்றி நின்றபடியே பேசினார்.

“அங்க நான் பாத்துட்டேன் சார். புனேவுல இருக்காம்.”

“புனேவா?”

“ஒருத்தர் அனுப்பறேன்னு இருக்காரு.”

அவர் போன பிறகு உட்கார்ந்தேன். புனே எங்கிருந்து வாயில் வந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இன்று காலை முடி வெட்டிக்கொள்ளப் போனேன். அந்த முக்கால் மணி நேரத்தில் என் மானம் போய்விட்டது.

ஆடியில் அண்டா வெளியே போகாது என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன். ஐம்பத்துமூன்று வயதில், பாத்திரக் கடை வைத்திருக்கிற ஒருவன், கங்கையம்மன் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூழ் வார்ப்பார்கள் என்பதையும், அதற்கு வருஷா வருஷம் பெரிய அண்டாவைக் கோமளா வாடகையில்லாமல் கொடுப்பாள் என்பதையும் மறந்து எழுதியது. அந்தப் பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். பின்பக்கத்தில் சர்க்கரை அளவு இருக்கிறது.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் கூட்டம். உள் அண்டாவைத் தூக்கிக் கழுவப் போனவர்கள் கையில் மெழுகுத் தாள் பொட்டலம். கூழ் வாங்க வந்திருந்த எட்டியப்பன் தரையில் குந்தி அதைப் பிரித்துக்கொண்டிருந்தான். கோமளா அவன் தலைமேல் குனிந்து நின்றாள். அவன் சத்தமாக எண்ணினான்.

“எட்டு, ஒம்போது, பத்து. அண்ணே! நம்ம பிளேட்டு! அம்மன் குடுத்துட்டாண்ணே!”

ஒருத்தி குலவை வேறு போட்டாள்.

கோமளா மட்டும் கும்பிடவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எப்ப வாங்கினீங்க?”

“போன மாசம்.”

“எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

“விட்டம் பாக்கணும்னு...”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எல்லோருக்கும் முன்னால், என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தெருவில் என்னைத் தொட்டதில்லை.

அதே நாள், மாலை

மாமாவுக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. இந்த ஊரில் செய்திக்கு டீசல் வேண்டாம்.

“இப்பிடி வா.”

போனேன்.

“சங்ககிரிலயே கிடைச்சிடுச்சி, இல்ல?”

“ஆமாம் மாமா. பதினெட்டாவது பெட்டி.”

“எனக்குத் தெரியும். உன் கையில வாசனை வந்துச்சி. பேக்கிங் கிரீஸ். இருவத்தேழு வருஷம் அந்த வாசனையோடதான் சோறு தின்னேன்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொல்லு, ஏன் ஒளிச்சே?”

“ஆடி மாசம் மாமா. புதுசா ஒண்ணு மாட்ட...”

“சிவிலியன்” என்றார். வழக்கமான குரலில் இல்லை. “கிளட்ச்சை எரிச்சது யாருன்னும் தெரியும். நாத்தம் தெருக்கோடியிலயே அடிச்சிது. தானா நின்னுச்சாம்.”

ஊர்க்கதை சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“நாளைக்கே மாட்டச் சொல்லு. பதினஞ்சாந்தேதி கொடிக்கு நான் முன்சீட்ல உக்காந்து போவணும். பின்னாடி படுத்துகினு போறது எப்ப வேணா போலாம். அதுக்கு ஒன்னும் அவசரமில்ல.”

“சரி மாமா. தேவசகாயம் சாரை ஓட்டச் சொல்றேன்.”

“எரிச்சவன் ஓட்டட்டும்.”

ஆகஸ்ட் 10

எட்டியப்பன் மாட்டினான். பிளேட் தண்டில் ஏறி உட்கார்ந்தபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். இந்த ஒரு சத்தத்துக்காக எத்தனை பேருந்து! எஞ்சின் மூன்றாவது முயற்சியில் எழுந்தது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. தெருக்கோடி வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு மாமா சோறு கேட்டாராம்.

ஆகஸ்ட் 15

148.

மாமாவை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி முன்சீட்டில் ஏற்றினோம். நாற்காலி என் கடையது. பழைய கோட்டு, மெடல்கள், தொப்பி. கோட்டுக்குள் பாதி இடம் காலியாக இருந்தது. கையில் கோமளாவின் குடை, அதை எதற்குக் கேட்டார் என்று வண்டி நகர்ந்ததும் தெரிந்தது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றி முடித்ததும் குடையால் என் இடது முழங்காலில் ஒரு குத்து.

“கால் எங்க?”

“கீழ வெச்சிட்டேன் மாமா.”

“கீழன்னா எங்க?”

“தரையில மாமா.”

“டீக் ஹை.”

பள்ளிக்கூடம் வரை ஒரு கிலோமீட்டர். பதினெட்டுக் குத்து. கொடி ஏறியபோது வண்டியில் உட்கார்ந்தபடியே சல்யூட் வைத்தார். அவராக இறக்கும்வரை கை இறங்கவில்லை. திரும்பும்போது, “மேட்டுப் பக்கமா போ” என்றார். ஜூன் மாதம் நான் நின்ற அதே மேடு. இரண்டாவது கியரில் ஏறினேன். குடை மடியில் சும்மா கிடந்தது. உச்சியில் நிறுத்தச் சொல்லி, கீழே ஊரைப் பார்த்தார். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றார். ஒரு பீடி அளவு நேரம் இருந்தோம்.

“நல்லா இழுக்குது” என்றார். வண்டியைத்தான் சொல்லியிருப்பார்.

ஆகஸ்ட் 23

சர்க்கரை பார்க்கவில்லை.

சங்கத்தில் ஒரு நோட்டு உண்டு. வண்டியில் கடைசிப் பயணம் போனவர் பெயர், தேதி, ஓட்டியவர் பெயர், ஓட்டியவரின் ரேங்க். இன்று காலை தேவசகாயம் அதைத் திறந்து என்னிடம் நீட்டினார். பன்னிரண்டாவது வரியை மாமா தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார், தேதியை மட்டும் விட்டுவிட்டு. எழுத்து கோணலாக இருந்தது.

பெயர்: சுபேதார் கன்னியப்பன். ஓட்டுநர்: ஏகாம்பரம். மேலே பதினோரு வரியிலும் ஹவில்தார், நாயக் என்று இருக்கிற ரேங்க் கட்டத்தில்: சிவிலியன்.

“விதிப்படி...” என்று இழுத்தேன்.

“விதியை எழுதினவரே எழுதினது” என்றார் தேவசகாயம். சாவியைக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். எப்படித் திருப்பி வைப்பது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

வாசலில் மூன்று ஹார்ன் அடித்தேன். சுடுகாட்டுக்கும் அந்த மேட்டு வழியாகத்தான் போக வேண்டும். முன்சீட்டில் கோமளாவின் குடை கிடந்தது. கால் தரையிலேயே இருந்தது.